கலப்பையைத் தூக்க மறுக்கும் பழைய டிராக்டர்

பழைய இயந்திரம் மக்கர் செய்தால் உடனே அதைப் பிரித்துப் போட்டுவிடுவது பலரது பழக்கம். எல்லாவற்றையும் கழற்றிய பிறகுதான், பழுது வேறிடத்தில் இருந்தது தெரியவரும். பதறாத காரியம் சிதறாது என்பது பட்டறைக்கும் பொருந்தும். இதற்கு நல்ல எடுத்துக்காட்டு ஃபெர்குசன் டி.இ.20 டிராக்டர்.

வட அயர்லாந்தில் பிறந்த ஹாரி ஃபெர்குசனின் பெயரைத் தாங்கிய இந்த வண்டி, 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தின் கோவன்ட்ரி நகரில் தயாரிக்கப்பட்டது. ஐந்து லட்சத்துக்கும் அதிகமான வண்டிகள் வெளிவந்தன. சாம்பல் நிறம் பூசிய அந்தச் சிறிய வண்டிகளை இன்றும் பிரிட்டனில் பலர் பேணி வருகின்றனர்.

இதன் சிறப்பு என்ன? முன்பெல்லாம் டிராக்டர் கலப்பையை வெறுமனே இழுத்துச் சென்றது. கலப்பை பாறையில் சிக்கினால் வண்டியின் முன்பக்கம் மேலெழும்பி, ஓட்டுநர் மீதே கவிழும் ஆபத்து இருந்தது. ஃபெர்குசன் கீழே இரண்டு கைகள், மேலே ஓர் இணைப்பு என மூன்று இடங்களில் கலப்பையை மாட்டினார். அந்த ஆபத்து வெகுவாகக் குறைந்தது. கலப்பையைத் தூக்கும் வேலையை எண்ணெயின் அழுத்தம் ஏற்றுக்கொண்டது.

வண்டியின் வயிற்றுக்குள் எண்ணெயில் மூழ்கியிருக்கும் பம்பு, எண்ணெயை உருளைக்குள் தள்ளுகிறது. உள்ளே இருக்கும் பிஸ்டன் நகர, கைகள் உயர்கின்றன. ஒரு வால்வு எண்ணெயை உள்ளே விடுகிறது, வெளியே விடுகிறது, அல்லது அடைத்து வைக்கிறது. இவ்வளவுதான் சூட்சுமம். இதை மனத்தில் வைத்துக்கொண்டு, செலவில்லாத சோதனையிலிருந்து தொடங்க வேண்டும்.

முதலாவது, பி.டி.ஓ. நெம்புகோல். இந்த வண்டியில் பம்பைச் சுழற்றுவது பி.டி.ஓ. தண்டுதான். நெம்புகோலைப் போடாவிட்டால் பம்பு ஓடாது, கை உயராது. கிளட்சை மிதித்தாலும் பம்பு நின்றுவிடும். புதிதாக ஓட்டுபவர் பலர் இதை அறியாமல் பழுது என்று எண்ணிவிடுகின்றனர்.

இரண்டாவது, எண்ணெய். கியர்ப் பெட்டி, பின் அச்சு, தூக்கும் அமைப்பு மூன்றுக்கும் ஒரே எண்ணெய்தான். வண்டியைச் சமதரையில் நிறுத்தி அளவு பார்க்க வேண்டும். எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது என்று பொருள். அதை வடித்துவிட்டுப் புதிது ஊற்ற வேண்டும்.

மூன்றாவது, அறிகுறி. சுமை இல்லாமலும் கை அசையவில்லையா? நெடுநாள் சும்மா நின்ற வண்டியில் வால்வு துருவேறி இறுகியிருக்கலாம். பக்கவாட்டு மூடியைத் திறந்து மெதுவாக விடுவிக்கலாம். சுத்தியலால் அடிப்பது ஆகாது. வெறுங்கை உயர்ந்து, கலப்பை மாட்டினால் மட்டும் உயரவில்லையா? தூக்கிய கலப்பை எந்திரம் ஓடும்போது தலையாட்டுவதுபோல் ஏறி இறங்குகிறதா? எந்திரத்தை அணைத்ததும் சரசரவென்று இறங்கிவிடுகிறதா? அழுத்தம் எங்கோ கசிகிறது. பிஸ்டன் வளையங்கள், பம்பின் வால்வுகள், பாதுகாப்பு வால்வு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். பல மணி நேரத்தில் மெல்ல இறங்குவது பழைய வண்டிக்கு இயல்பு.

உழும்போது ஆழம் நிலைக்கவில்லை என்றால், மேல் இணைப்பு மாட்டும் இடத்திலுள்ள சுருள்வில்லைக் கவனிக்க வேண்டும். மண்ணின் எதிர்ப்பை வால்வுக்குத் தெரிவிப்பது அதுதான். அது தளர்ந்து கையால் ஆட்டும்படி இருந்தால் தகவல் தவறிப்போகும்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்றை மறக்கக்கூடாது. தூக்கி நிற்கும் கலப்பையைத் தாங்குவது அடைபட்ட எண்ணெய் மட்டுமே. நெம்புகோலில் ஒரு கை பட்டாலும், ஒரு வளையம் விட்டுக்கொடுத்தாலும் அத்தனை எடையும் கீழே விழும். அதன் அடியில் யாரும் நுழையக்கூடாது. கலப்பையைத் தரையில் இறக்கி, எந்திரத்தை அணைத்த பிறகே கைவைக்க வேண்டும். உயர்ந்த நிலையில்தான் வேலை என்றால் உறுதியான முட்டு கொடுப்பது கட்டாயம்.

வெளிக்குழாய் உள்ள மற்ற டிராக்டர்களில் கசிவை விரலால் தடவித் தேடுவதும் ஆபத்து. ஊசித் துளையிலிருந்து பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே சென்றுவிடும். காயம் சிறிதாகவும் வலியின்றியும் தோன்றினாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். தாமதித்தால் விரலையே இழக்க நேரிடும். கசிவைத் தேட ஓர் அட்டைத் துண்டு போதும்.

பழைய டிராக்டருக்கு உதிரிப் பாகம் தேடிப் பிடித்துவிடலாம். ஓட்டுபவரின் கைக்கும் காலுக்கும் உதிரிப் பாகம் கிடையாது.