திரும்பி வரும் எடை: 'வெற்றி' என்பது யார் கணக்கு?

எடையைக் குறைக்கும் ஊசி மருந்தான செமாகுளூட்டைடின் காப்புரிமை இந்தியாவில் 2026 மார்ச் 20-ம் தேதியோடு முடிந்தது. உள்நாட்டு நிறுவனங்கள் மலிவு விலை ஊசிகளைத் தயார்செய்து வைத்திருந்தன. 2025 ஜூனில் இம்மருந்து 'வெகோவி' என்ற பெயரில் இங்கே அறிமுகமானபோது, தொடக்க அளவுக்கே மாதம் 17,345 ரூபாய். எட்டாத விலை என்று ஒதுங்கியிருந்தவர்கள் இந்தத் தேதிக்காகக் காலண்டரைப் பார்த்திருந்தார்கள்.

இது தொடர்பாக வரும் வாசகர் கடிதங்களில் ஒரு தரப்பினரின் குரல் தனித்துக் கேட்கிறது. ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன்பு எடைக் குறைப்புக்காக இரைப்பையில் ஸ்லீவ் அல்லது பைபாஸ் ஆபரேஷன் செய்துகொண்டு, நன்றாக எடை குறைந்து, பிறகு கிலோ கிலோவாக மீண்டும் ஏறத் தொடங்கியவர்கள் இவர்கள். "ஆபரேஷனுக்குப் பிறகு தைத்த பிளவுஸ் ஒன்றுகூடச் சேரவில்லை. டாக்டரோ, 'உங்கள் ரிசல்ட் நல்ல ரிசல்ட்தான்' என்கிறார். யாரை நம்புவது?" என்று கேட்கிறார் ஒரு வாசகி. ஊசிக்கு முன்னால் இந்தக் கேள்விக்குத்தான் பதில் வேண்டும்.

ஒரே உடல், ஐந்து தீர்ப்பு

எடைக் குறைப்பு அறுவை சிகிச்சையில் 'வெற்றி' என்பதற்குப் பல காலமாகப் புழங்கிவரும் இலக்கணம் இது: ஒருவரிடம் இருந்த 'கூடுதல் எடை'யில் பாதிக்கு மேல் குறைந்திருக்க வேண்டும். கூடுதல் எடை என்பது, இருந்த எடையிலிருந்து 'சரியான எடை'யைக் கழித்தால் வருவது. அந்தச் சரியான எடையை யார் தீர்மானிக்கிறார்கள் என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது.

160 செ.மீ. உயரமுள்ள ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். ஆபரேஷனுக்கு முன் 120 கிலோ. இரண்டாம் ஆண்டில் 80 கிலோவுக்கு இறங்கினார். ஆறாம் ஆண்டில் 90 கிலோ.

பி.எம்.ஐ. (உடல் நிறை குறியெண்) 25 என்பதைச் சரியான எடையாக வைத்தால், அவருக்கு அது 64 கிலோ. அப்படியானால் கூடுதல் எடை 56 கிலோ. நிகரமாக 30 கிலோ குறைந்திருக்கிறார்; அதாவது 54 சதவீதம். தீர்ப்பு: வெற்றி. ஆசியர்களுக்கு உரியது என்று சொல்லப்படும் பி.எம்.ஐ. 23-ஐ வைத்தால் சரியான எடை 59 கிலோவாக இறங்கும், கூடுதல் எடை 61 கிலோவாக ஏறும். அதே 30 கிலோ இப்போது 49 சதவீதம். தீர்ப்பு: தோல்வி. அந்தப் பெண்ணின் உடலில் ஒரு கிராம்கூட மாறவில்லை.

எடை திரும்பியதா என்று கேட்டாலும் இதே கதைதான். பத்து கிலோ ஏறினால் 'திரும்பியது' என்பது ஒரு வரையறை. அதில் இவர் அகப்படுவார். பி.எம்.ஐ. ஐந்து புள்ளி ஏற வேண்டும் என்பது இன்னொன்று. இவருக்கு நான்குகூட ஏறவில்லை, தப்பிவிடுவார். குறைத்த எடையில் ஐந்தில் ஒரு பங்கு திரும்பியதா என்பது மற்றொன்று. குறைத்த 40-ல் 10, அதாவது கால் பங்கு, திரும்பிவிட்டதால் அகப்படுவார்.

இது வெறும் காகிதக் கணக்கு அல்ல. அமெரிக்காவில் பைபாஸ் செய்துகொண்ட சுமார் 1,400 பேரைத் தொடர்ந்து கவனித்த 'லேப்ஸ்-2' ஆய்வின் முடிவுகள் 2018-ல் வெளிவந்தன. மிகக் குறைந்த எடையைத் தொட்ட ஐந்தாண்டுகளுக்குப் பிறகு, பி.எம்.ஐ. ஐந்து புள்ளி என்ற அளவுகோலில் எடை திரும்பியவர்கள் 43.6 சதவீதம். குறைத்ததில் ஐந்தில் ஒரு பங்கு என்ற அளவுகோலில் 67.3 சதவீதம். ஆட்கள் அதே ஆட்கள்தான். சர்க்கரை, ரத்த அழுத்தம், வாழ்க்கைத் தரம் ஆகியவை மோசமாவதோடு நெருக்கமாகப் பொருந்திப்போனது, குறைத்த எடையில் எவ்வளவு திரும்பியது என்ற கணக்குதான். விளம்பரங்களில் நான் அதிகம் காணாத கணக்கும் அதுவே.

இன்னொரு ஓட்டையும் உண்டு. எடை திரும்பியவர்கள் கூச்சத்தால் மருத்துவமனைக்கு வருவதை நிறுத்திவிடுகிறார்கள். வந்தவர்களை மட்டும் எண்ணினால் வெற்றி விகிதம் தானாக உயர்ந்துவிடும். நீண்டகாலப் பலன் குறித்து 2014-ல் வெளியான ஒரு மீளாய்வு, 7,371 ஆய்வுகளைச் சலித்தது. குறைந்தது இரண்டு ஆண்டுகள், 80 சதவீத நோயாளிகளையாவது தொடர்ந்து கவனித்தவை வெறும் 29.

இதனால் அறுவை சிகிச்சையே வீண் என்றாகிவிடாது. 1987-ல் தொடங்கிய ஸ்வீடன் ஆய்வில், பைபாஸ் செய்தவர்கள் முதல் ஓரிரு ஆண்டுகளில் சராசரியாக 32 சதவீத எடையைக் குறைத்தார்கள். பத்தாம் ஆண்டில் அது 25 சதவீதமாகத் தேய்ந்தது. அப்படியும், அந்த ஆய்வில் அறுவை சிகிச்சை பெறாதவர்களைவிடப் பெற்றவர்களிடையே மரணம் குறைவாகவே இருந்தது. கொஞ்சம் திரும்புவது இயல்பு, பலன் மிச்சமிருக்கும். இந்த உண்மையை ஆபரேஷனுக்கு முன்பே சொல்லியிருந்தால், ஆறாம் ஆண்டில் ஒருவர் கண்ணாடி முன் நின்று தன்னையே குற்றவாளியாக்கிக்கொள்ள மாட்டார். சொல்லாமல் விடுவதுதான் அநீதி.

மற்ற கேள்விகள்

*ஊசி பலன் தருமா?* தரலாம். லண்டனில் ஆபரேஷனுக்குப் பிறகும் எடை போதிய அளவு குறையாத 70 பேரிடம் நடந்த சோதனையில், செமாகுளூட்டைடின் குடும்பத்தைச் சேர்ந்த லிராகுளூட்டைடு 24 வாரங்களில் 8.8 சதவீத எடையைக் குறைத்தது. போலி மருந்து பெற்றவர்களுக்கு அரை சதவீதம்தான். ஆனால் செமாகுளூட்டைடின் முதன்மைச் சோதனையில் உங்களைப் போல் ஆபரேஷன் ஆனவர்களைச் சேர்க்கவில்லை.

*சில மாதம் போட்டுவிட்டு நிறுத்தலாமா?* நிறுத்திய ஓராண்டில், குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியதாக ஆய்வு சொல்கிறது. மாத விலையைப் பார்க்காமல் பத்தாண்டுச் செலவைக் கணக்கிடுங்கள்.

*போடுவதற்கு முன் என்ன பார்க்க வேண்டும்?* பி12, இரும்பு, வைட்டமின் டி. ஊசியால் வாந்தி நீடித்தால் தயாமின் குறைந்து மூளையைப் பாதிக்கும் ஆபத்து ஆபரேஷன் ஆனவர்களுக்கு உண்டு. காத்திருக்காமல் மருத்துவரிடம் ஓடுங்கள்.

*கர்ப்பத்துக்குத் திட்டமிடுகிறேன்.* செமாகுளூட்டைடை இரண்டு மாதம் முன்பே நிறுத்த வேண்டும்.

*இரைப்பை விரிந்துவிட்டதா?* எண்டோஸ்கோபி அல்லது பேரியம் எக்ஸ்ரே இல்லாமல் சொல்ல முடியாது. எடை ஏறியதற்கு அது மட்டுமே காரணமாக இருப்பது குறைவு.

*சாப்பாடு குறைவுதான், பிறகு ஏன் ஏறுகிறது?* எடை குறைந்த உடல் கலோரியைச் சிக்கனமாக எரிக்கும், பசியைத் தூண்டும். இது உங்கள் மனஉறுதியின் குறை அல்ல. டீயில் தோய்த்த பிஸ்கட், ஜூஸ், ஐஸ்கிரீம், நொறுங்கிக் கரையும் மிக்சர் ஆகியவை சிறிய இரைப்பையில் தங்காமல் வழுக்கிச் சென்றுவிடும், வயிறு நிறைந்த உணர்வும் வராது.

*புரதம் எவ்வளவு?* நாளுக்குக் குறைந்தது 60 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம்தான்.

*வேறு காரணங்கள்?* ஸ்டீராய்டு, இன்சுலின், சில மனநல மருந்துகள், தைராய்டு. மருந்துச் சீட்டுகளை எல்லாம் எடுத்துச் செல்லுங்கள்.

*மது?* பைபாஸுக்குப் பிறகு வேகமாக ஏறும், அடிமையாகும் வாய்ப்பும் அதிகம்.

*இரண்டாவது ஆபரேஷன்?* முதலாவதைவிடச் சிக்கல்கள் அதிகம், குறையும் எடை குறைவு. ஸ்லீவுக்குப் பின் கடுமையான நெஞ்செரிச்சல் இருப்பவர்களுக்குப் பைபாஸாக மாற்றுவதில் நியாயம் உண்டு.

*காப்பீடு?* பி.எம்.ஐ. 40, அல்லது 35-உடன் கட்டுப்படாத சர்க்கரை, இதய நோய், கடும் உறக்க மூச்சுத்திணறல் போன்ற ஒன்று இருந்தால்தான் எடைக் குறைப்பு ஆபரேஷனுக்குக் கோர முடியும். குறைத்த எடையில் பாதி திரும்பியவர்களில் பலர் இந்த வாசலுக்கு வெளியேதான் நிற்பார்கள்.

*புதிதாக ஆபரேஷனுக்கு யோசிக்கிறேன், எங்கே செய்வது?* ஐந்தாண்டுக்கு முன் அங்கே செய்துகொண்டவர்களில் எத்தனை பேர் இன்றும் பரிசோதனைக்கு வருகிறார்கள், குறைத்ததில் எவ்வளவு திரும்பியது என்று கேளுங்கள். பதில் சொல்லாத இடத்துக்குப் போகாதீர்கள்.