விரல் படும் மரத்துக்கு எந்த மெழுகு?

வீட்டில் உள்ள மரச் சாமான்களில் பேனா அளவுக்குக் கைபடும் சாமான் வேறு இல்லை. மேசையில் கை அவ்வப்போது படும். கதவை ஒரு நொடி தொட்டுவிட்டுப் போய்விடுவோம். கடைசல் பிடித்துச் செய்த மரப் பேனாவையோ மூன்று விரல்கள் அதே இடத்தில் அழுத்திப் பிடித்துப் பக்கம் பக்கமாக எழுதுகின்றன. எழுதாத நேரத்தில் அது சட்டைப் பையில் உடம்புச் சூட்டில் கிடக்கிறது. மேசைக்கும் நாற்காலிக்கும் பொருந்திய பாலீஷ் பேனாவுக்கும் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள முடியாததற்குக் காரணம் இதுதான்.

லேத்திலிருந்து கழற்றிய நாளில் எந்த மெழுகு போட்ட பேனாவும் பளபளக்கும். கடைக் கண்ணாடிக்குள் இருக்கும்வரை ஒரு மெழுகுக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம் தெரியாது. சில மாதம் எழுதிய பிறகு பார்த்தால் மூடி மட்டும் மினுமினுக்க, விரல் பிடிக்கும் இடம் மங்கிப்போயிருக்கும். வெளிர் நிற மரமாக இருந்தால் அங்கே அழுக்கும் ஏறியிருக்கும். அந்த மூன்று விரல் இடம் ஒரு வருடம் கழித்து எப்படி இருக்கும் என்பதை வைத்துத்தான் பேனாவுக்கு மெழுகைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

விரலும் மரமும் சந்திக்கும் இடம்

உடம்பில் வியர்வைச் சுரப்பிகள் மிக நெருக்கமாக உள்ள இடங்களில் உள்ளங்கையும் விரல்களும் அடங்கும். அங்கே சுரக்கும் வியர்வையில் உப்பு, லாக்டிக் அமிலம், யூரியா எல்லாம் உண்டு. அதற்கு லேசான அமிலத் தன்மையும் உண்டு. உள்ளங்கையில் எண்ணெய்ச் சுரப்பிகள் கிடையாது. ஆனாலும் விரலில் எப்போதும் ஒரு பிசுக்கு இருக்கும். முகத்தையும் தலைமுடியையும் தொடும்போது ஒட்டிக்கொள்வது அது. உப்பு நீர், அமிலம், எண்ணெய், இவற்றுடன் உராய்வும் சூடும் சேர்ந்து நாள்தோறும் பேனாவைத் தாக்குகின்றன.

மரம் என்பது நுண்ணிய குழாய்களால் ஆன பொருள். கடையும்போது அந்தக் குழாய்கள் வெட்டுப்பட்டு வாய் திறந்து நிற்கும். எத்தனை நம்பர் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாலும் அவை முழுதாக மூடுவதில்லை. வியர்வையும் பிசுக்கும் ஒருமுறை உள்ளே இறங்கிவிட்டால் வெளியே எடுப்பது கடினம்.

இங்கே மெழுகுக்கு இரண்டு வேலைகள். முதலாவது, நீரை ஒட்டவிடாமல் செய்வது. மெழுகின் மூலக்கூறுகள் நீண்ட கார்பன் சங்கிலிகள். அவற்றுக்கும் நீருக்கும் ஒட்டுறவு மிகக் குறைவு. அதனால்தான் மெழுகு தடவிய பரப்பில் நீர் பரவாமல் முத்தாகத் திரள்கிறது. தாமரை இலையில் தண்ணீர் ஒட்டாமல் உருள்வதற்கும் இலையின் மேலுள்ள நுண்ணிய மெழுகுத் துகள்கள் ஒரு காரணம். இரண்டாவது வேலை இன்னும் முக்கியமானது. விரல் உரசும்போது மரம் தேயாமல், அதற்குப் பதிலாக மெழுகு தேய வேண்டும். தேய்ந்தபின் மறுபடி பூசிக்கொள்ளலாம். தேய்ந்த மரத்துக்கு அந்த வசதி இல்லை.

தேனீ எதற்காக மெழுகு சுரக்கிறது?

மெழுகுகளின் குணத்தைப் புரிந்துகொள்ள நல்ல வழி, இயற்கையில் அவை எந்த வேலைக்காக உருவாயின என்று பார்ப்பது.

வேலைக்காரத் தேனீ தன் வயிற்றின் அடிப்பகுதிச் சுரப்பிகளிலிருந்து மெழுகைச் செதிலாகச் சுரந்து, வாயால் மென்று, அறுகோண அறைகளைக் கட்டுகிறது. புழு வளரும் பகுதியில் கூட்டின் வெப்பம் ஏறத்தாழ 35 டிகிரி செல்சியஸ். அந்தச் சூட்டில் தேனீயின் தாடைக்கு இளகிக் கொடுக்கும்படி அமைந்ததே தேன்மெழுகு. அது உருகுவது 62 முதல் 64 டிகிரியில்தான். ஆனால் இளகத் தொடங்குவது அதற்கு வெகு முன்பே.

இனி மனிதக் கையை நினைத்துப் பார்க்கலாம். நம் தோலின் வெப்பமும் அந்தக் கூட்டின் வெப்பத்தை ஒட்டியே இருக்கிறது. தேனீ வளைத்துக் கட்டுவதற்கு எந்தச் சூட்டில் மெழுகு இணங்கியதோ, அதே சூட்டில்தான் எழுதுபவரின் விரலுக்கும் அது இணங்குகிறது. சென்னையில் மே மாதம் சட்டைப் பைக்குள் இருக்கும் பேனாவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இளகிய தேன்மெழுகில் ரேகை பதியும், தூசி ஒட்டும், பளபளப்பு போகும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. தேன்மெழுகில் பெரும்பங்கு எஸ்டர்கள் என்றாலும், எதனோடும் சேராமல் தனித்து நிற்கும் கொழுப்பு அமிலங்களும் அதில் கணிசமாக இருக்கின்றன. இந்த அமிலங்கள் தாமிரத்தோடும் பித்தளையோடும் மெல்ல வினைபுரிந்து பச்சை நிறப் பொருளை உண்டாக்கும். பேனாவில் மரத்துக்கு உள்ளே இருப்பது பித்தளைக் குழாய். மூடி வளையமும் கிளிப்பும் பல பேனாக்களில் முலாம் பூசிய பித்தளை. முலாம் தேய்ந்த இடத்தில், மரமும் வளையமும் சேரும் இடுக்கில், நகக்கண் அழுக்குப்போல ஒரு பச்சைக் கோடு தெரிந்தால், அங்கே தங்கிய மெழுகையும் சந்தேகிக்கலாம்.

இதற்காகத் தேன்மெழுகை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. அதன் மணமும் மரத்துக்குத் தரும் இதமான நிறமும் தனி. மேசைமேல் வைக்கும் கிண்ணத்துக்கு அது அருமையான மெழுகு. பேனாவுக்குத் தனியாகப் போடத்தான் தகுதி போதாது.

வெயிலைத் தாங்கும் பனையின் மெழுகு

பிரேசிலின் வடகிழக்கில், சியாரா, பியாவி போன்ற வறண்ட மாநிலங்களில் வளரும் ஒரு பனை கார்னோபா. சுட்டெரிக்கும் வெயிலில் ஓலையின் ஈரம் போய்விடாமல் காக்க அந்த மரம் ஓலைமேல் மெழுகைப் படியவிடுகிறது. மழையில்லாக் காலத்தில் ஓலைகளை வெட்டி, வெயிலில் காயவைத்து, அடித்து உதிர்த்தால் மெழுகு பொடியாகக் கொட்டும். அதை உருக்கி வடிகட்டிக் கட்டியாக்குகிறார்கள். கார் பாலீஷிலும் மிட்டாய், மாத்திரைகளின் மேல்பூச்சிலும் இருப்பது இதுதான்.

கார்னோபா உருகுவதற்கு 82 முதல் 86 டிகிரி வேண்டும். இயற்கை மெழுகுகளிலேயே மிகக் கடினமானவற்றில் ஒன்று. கைச்சூடு அதை அசைக்காது. பேனாமேல் இதைப் பூச லேத்தின் வேகமே உதவுகிறது. சுழலும் மரத்தில் கார்னோபாக் கட்டியை லேசாகத் தொட்டுக்கொண்டு நகர்த்தினால் முதலில் மங்கலான கோடுகள் விழும். பிறகு மடித்த காகிதத்தை அழுத்திப் பிடித்தால், உராய்வின் சூட்டில் கோடுகள் உருகி ஓடி, கண்ணெதிரே மரம் சட்டென்று ஒளிவிடும். கடைசல் வேலையில் கண்ணுக்கு நிறைவான கணம் அது.

ஆனால் கடினம் என்பதற்குக் கொடுக்கும் விலை நொறுங்கும் தன்மை. தடிமனாகப் படிந்த கார்னோபா வளையாது, சில்லுச் சில்லாகப் போய்விடும். பட்டறைகளில் இதைத் தேன்மெழுகோடு கலந்து போடுவது இந்தக் குறையைச் சரிக்கட்டத்தான். மற்றொரு குறை, பேனாவை வாங்கியவர் வீட்டில் லேத் இருக்காது. கட்டி மெழுகு தேய்ந்த இடத்தைக் கையால் மறுபடி ஒளிவிடச் செய்வது அவருக்கு எளிதாக இராது.

அருங்காட்சியகத்தில் பிறந்த பாலீஷ்

முதல் உலகப் போரின்போது லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் பொருள்கள் பாதுகாப்புக்காகச் சுரங்க ரயில் பாதைகளில் வைக்கப்பட்டன. வெளியே எடுத்தபோது பல பொருள்கள் துருவும் உப்பும் பூத்துக் கெட்டிருந்தன. அவற்றைக் காப்பாற்ற 1920இல் அங்கே ஓர் ஆய்வகம் தொடங்கியது. பிற்பாடு 1950களில், பழம்பொருள்களின் மேல் பூசுவதற்கு அமிலமில்லாத, காலப்போக்கில் மாறாத மெழுகு ஒன்றை அந்த ஆய்வகம் உருவாக்கியது. தேன்மெழுகும் கார்னோபாவும் கலந்த பழைய பாலீஷ்களில் உள்ள அமிலங்கள் நூற்றாண்டுகள் காக்க வேண்டிய பொருளுக்கு ஆகாது என்பதே அவர்களின் கவலை. ரெனசான்ஸ் மெழுகு என்ற பெயரில் இன்று உலகெங்கும் கடைசல்காரர்கள் வாங்குவது அந்த வழியில் வந்ததுதான்.

இதன் அடிப்படை நுண்படிக மெழுகு. இது பெட்ரோலியத்திலிருந்து கிடைப்பது. மெழுகுவத்தியில் உள்ள பாரஃபினும் பெட்ரோலியப் பொருள்தான். ஆனால் பாரஃபின் மூலக்கூறுகள் பெரும்பாலும் நேர்ச்சங்கிலிகள். ஒழுங்காக அடுக்கிக்கொண்டு பெரிய படிகங்களாக உறைகின்றன. பெரிய படிகங்களின் எல்லைகளில் விரிசல் எளிதில் ஓடும். நுண்படிக மெழுகின் சங்கிலிகளில் கிளைகளும் வளையங்களும் அதிகம். ஒழுங்காக அடுக்க முடியாமல் மிகச் சிறிய படிகங்களாகவே உறைகின்றன. அதனால் இந்த மெழுகு வளைந்து கொடுக்கும், பரப்பை இறுகப் பற்றும், நீரையும் நன்றாக எதிர்க்கும். கடினம் கூட்ட இதனுடன் பாலிஎத்திலின் மெழுகையும் சேர்த்து, ஒயிட் ஸ்பிரிட்டில் குழைத்துப் பசையாக்குகிறார்கள்.

பேனாவுக்கு இதைவிட ஏற்ற மேல்பூச்சு மெழுகை நான் அறியேன். பித்தளையோடு வம்பு செய்யும் அமிலம் இதில் இல்லை. விரல் ரேகை எளிதில் பதியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, லேத் இல்லாதவரும் ஒரு பருத்தித் துணியால் வீட்டிலேயே பூசிக்கொள்ளலாம்.

அடியில் அரக்கு

மெழுகுப் படலம் மிக மெல்லியது. மரத்தின் திறந்த வாய்களை அது மட்டும் அடைத்துவிடாது. அடியில் ஒரு பூச்சு வேண்டும். அந்த இடத்துக்கு நம் நாட்டுப் பொருளே இருக்கிறது: அரக்கு. புரசு, இலந்தை போன்ற மரங்களின் கிளைகளில் கூட்டமாக ஒட்டி வாழும் சிறு பூச்சி, தன்னை மூடிக்கொள்ளச் சுரக்கும் பிசின் அது. ஜார்க்கண்டிலும் சத்தீஸ்கரிலும் பெருமளவு சேகரிக்கப்படுகிறது. தூய்மையாக்கிச் செதிலாக்கினால் அவலரக்கு. தச்சர்கள் ஸ்பிரிட்டில் ஊறவைத்துப் பூசுவது இதைத்தான்.

கடைசலுக்கும் அரக்குக்கும் உள்ள உறவு பழையது. கர்நாடகத்தின் சன்னபட்டணத்தில் சுழலும் மரத்தின்மேல் வண்ண அரக்குக் குச்சியை அழுத்துகிறார்கள். உராய்வின் சூட்டில் அரக்கு உருகிப் படிகிறது. தாழை மடலால் அழுத்தித் தேய்த்து அதைச் சீராக்குகிறார்கள். இன்று பேனா செய்பவர்கள் வாங்கும் ஃபிரிக்‌ஷன் பாலீஷ் புட்டியில் இருப்பதும் பெரும்பாலும் ஸ்பிரிட்டில் கரைத்த அவலரக்கும் சிறிது மெழுகோ எண்ணெயோதான்.

அரக்கின் பலவீனம், எதில் கரைந்து வந்ததோ அதிலேயே மறுபடி கரைவது. கையில் சானிட்டைசர் தேய்த்த ஈரத்தோடு பேனாவை எடுத்தால், அதிலுள்ள ஆல்கஹால் அரக்கைப் பிசுபிசுக்க வைத்துவிடும். மேலே உள்ள மெழுகு இதைத் தாமதப்படுத்துமே தவிர முழுதாகத் தடுக்காது. கை காய்ந்த பிறகே பேனாவைத் தொட வேண்டும். செஞ்சந்தனம், படாக் போன்ற சிவப்பு மரங்களின் சாயமும் ஆல்கஹாலில் கரையும். அவற்றை வெளிர் மரத்தோடு ஒட்டிச் செய்த பேனாவில் அரக்கை ஈரமாகப் பூசினால் சிவப்பு பக்கத்து மரத்துக்கு ஓடிவிடும்.

சூப்பர் குளூவையே பல அடுக்காகப் பூசி மெருகேற்றும் முறையும் பரவலாக இருக்கிறது. வியர்வைக்கும் தேய்மானத்துக்கும் அது நன்றாகத் தாங்கும். ஆனால் அதன்பின் விரல் தொடுவது ஒரு பிளாஸ்டிக் படலத்தை. மரப் பேனாவை விரும்பி வாங்குபவர் விரும்புவது மரத்தின் ஸ்பரிசத்தை என்றால், அரக்கும் மெழுகும்தான் அதை மிச்சம் வைக்கும்.

மெழுகால் முடியாதது

மெழுகு பூசிவிட்டால் மரத்துக்குள் ஈரம் போகாது என்ற நம்பிக்கை பரவலாக உண்டு. அது தவறு. திரவ நீரை மெழுகு சிறிது நேரம் தடுக்கும். காற்றில் உள்ள நீராவியை மெல்லிய மெழுகுப் படலம் தடுப்பதில்லை. அமெரிக்காவின் மேடிசன் நகரில் உள்ள வனப்பொருள் ஆய்வகம் பலவகைப் பூச்சுகளை ஈரக் காற்றில் வைத்துச் சோதித்தது. மரச்சாமான்களுக்குப் பூசும் பசை மெழுகு, சில நாள்களிலேயே பூச்சு இல்லாத மரத்தைப் போலவே ஈரத்தை உள்ளே விட்டுவிட்டது.

பேனாவில் இது பெரிய விஷயம். மரம் ஈரம் ஏறும்போது குறுக்குவாட்டில் விரியும், உலரும்போது சுருங்கும். நெடுக்குவாட்டில் அந்த மாற்றம் மிகச் சொற்பம். உள்ளே ஒட்டியிருக்கும் பித்தளைக் குழாய் மரத்தோடு சேர்ந்து சுருங்காது. மரம் சுருங்கப் பார்க்க, குழாய் இடங்கொடுக்காமல் நிற்க, நீளவாக்கில் வெடிப்பு விழும். கருங்காலி இதில் பேர்போனது. இதற்கு மருந்து மெழுகில் இல்லை. நன்றாகக் காய்ந்த மரத்தை எடுப்பதும், உப்புத்தாள் போடும்போது மரம் சுடாமல் பார்த்துக்கொள்வதும்தான் மருந்து.

எப்படிப் பூசுவது

உப்புத்தாள் வேலை முடிந்ததும் லேத்தை நிறுத்தி, மரத்தின் நெடுக்குவாட்டில் ஒருமுறை கையால் தேய்த்து வளையக் கீறல்களைப் போக்க வேண்டும். தூசியைத் துடைத்துவிட்டு, நீர்க்கக் கரைத்த அவலரக்கை மெல்லியதாகப் பூசிக் காயவிட வேண்டும். மேலே நுண்படிக மெழுகை விரல் நுனியளவு எடுத்துப் பரப்பி, உடனே தேய்த்து மினுக்கினால் போதும். அதிகம் பூசினால் அதிகப் பாதுகாப்பு கிடைக்காது. மிச்சம் நிற்கும் மெழுகு தூசியைப் பிடித்துவைக்கும், அவ்வளவுதான். சுழலும் பேனாவில் துணியைப் பயன்படுத்தக் கூடாது. நூல் சிக்கினால் விரலையும் சேர்த்து இழுத்துவிடும். காகிதம் என்றால் கிழிந்து விடுபட்டுவிடும்.

மறுபடி எப்போது பூசுவது என்பதற்குத் தேதி பார்க்க வேண்டாம். விரல் பிடிக்கும் இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்துப் பார்த்தால் தெரியும். முத்தாக நின்றால் மெழுகு இருக்கிறது. பரந்து படிந்தால் பூச வேண்டிய நேரம் வந்துவிட்டது.

பேனா செய்து விற்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். எந்த மரம், அடியில் என்ன பூச்சு, மேலே எந்த மெழுகு என்று ஒரு சிறு சீட்டில் எழுதிப் பெட்டியில் வையுங்கள். முடிந்தால் அந்த மெழுகிலேயே கொஞ்சம் சிறு டப்பாவில் சேர்த்துக் கொடுங்கள். பட்டறையில் பூசிய மெழுகு எப்படியும் தேய்ந்து போகும். அதன்பிறகு அந்த மரத்தைக் காப்பது வாங்கியவரின் கையில்தான் இருக்கிறது.