இதயத்தின் கணக்கு

கையைச் சற்று நேரம் கீழே தொங்கவிட்டு, விரல்களை இறுக மடக்கிப் பாருங்கள். முன்கையின் உட்புறத்தில் நாளங்கள் புடைத்து நிற்கும்; சிலருக்கு அவற்றில் ஆங்காங்கே சிறு முடிச்சுகளும் தோன்றும். ஒரு நாளத்தை மறு கையின் ஒரு விரலால் அழுத்திக்கொண்டு, அடுத்த விரலால் அவ்விடத்திலிருந்து முழங்கைப் பக்கமாக ஒரு முடிச்சுக்கு அப்பால்வரை நீவிவிடுங்கள். நீவிய பகுதி வெறுமையாகும். நீவிய விரலை எடுத்தாலும் மேலிருக்கும் குருதி அம்முடிச்சைத் தாண்டிக் கீழே இறங்காது. அழுத்திய முதல் விரலை எடுத்தவுடனேயே கீழிருந்து குருதி பாய்ந்து நிரம்பும்.

இத்தகைய சோதனையையே ஆங்கில வைத்தியர் வில்லியம் ஹார்வி 1628ஆம் ஆண்டில் வெளியிட்ட தமது நூலிலே படங்களுடன் விளக்கினார். அம்முடிச்சுகள் வால்வுகள் இருக்கும் இடங்கள். நாளங்களிலே குருதி இதயத்தை நோக்கி மாத்திரமே செல்லும் என்பதற்கு அவை சான்றாயின.

அதற்கு முன்னர் ஐரோப்பிய மருத்துவர் பெரும்பாலோர், கி.பி. 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கேலன் என்பாரின் கொள்கையையே நம்பினர். உண்ட உணவிலிருந்து ஈரல் இடையறாது குருதியை உண்டாக்குகிறது. உறுப்புகள் அதனை உட்கொண்டு தீர்த்துவிடுகின்றன. இதயத்தின் நடுச்சுவரிலே கண்ணுக்குப் புலனாகாத துளைகள் உள்ளன. அவற்றின் வழியே குருதி வலப்புறமிருந்து இடப்புறம் கசிகிறது என்பன அக்கொள்கையின் கூறுகள்.

ஹார்வி ஒரு கணக்குப் போட்டார். ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியேற்றும் குருதியை மிகக் குறைவாகவே மதிப்பிட்டார். அப்படியிருந்தும், அரைமணி நேரத்தில் வெளியேறும் அளவு உடல் முழுவதிலும் உள்ள குருதியை விஞ்சி நின்றது. இவ்வளவு குருதியை ஈரல் எவ்வாறு உண்டாக்க முடியும்? ஆகவே, சென்ற குருதியே மீண்டும் வருதல் வேண்டும். இன்றைய அளவின்படி, ஓய்வாக இருக்கும் ஒருவரின் இதயம் துடிப்பொன்றுக்கு ஏறத்தாழ 70 மில்லிலீற்றராக, நிமிடத்துக்குச் சுமார் 5 லீற்றர் குருதியைச் செலுத்துகிறது. வளர்ந்தவரின் உடலிலுள்ள குருதியும் ஏறக்குறைய அவ்வளவே.

இதயத்தின் இயக்கத்தைக் காண்பது எளிதன்று. வெப்பக்குருதி விலங்குகளின் இதயம் விரைந்து துடிப்பதால், அது எப்போது சுருங்குகிறது, எப்போது விரிகிறது என்று கண் பிரித்தறியமாட்டாது. ஆதலால் ஹார்வி மெதுவாகத் துடிக்கும் மீன், தவளை, பாம்பு ஆகியவற்றின் இதயங்களை நாடினார். மீனுக்கு ஒரு சோணையறையும் ஓர் இதயவறையும் உண்டு; குருதி இதயத்திலிருந்து பூ எனப்படும் செவுளுக்குச் சென்று, அங்கிருந்து உடலெங்கும் பரவி மீள்கிறது. தவளைக்குச் சோணையறைகள் இரண்டு, இதயவறை ஒன்று. பறவைக்கும் பாலூட்டிக்கும் நான்கு அறைகள். வலப்பாதி குருதியை நுரையீரலுக்கும், இடப்பாதி உடலுக்கும் அனுப்புகின்றன. இவ்விரு வட்டங்களையும் தடித்த நடுச்சுவர் பிரித்து நிற்கிறது. கேலன் கூறிய துளைகள் அதில் இல்லை.

ஆயினும் ஹார்வியின் கொள்கையிலும் ஓர் இடைவெளி இருந்தது. நாடிகளிலிருந்து குருதி நாளங்களுக்குச் செல்லும் வழியை அவர் கண்டாரல்லர். நூல் வெளிவந்தபின் அவரிடம் வரும் நோயாளர் தொகை குறைந்தது என்று அவரை அறிந்த ஜோன் ஆப்ரி எழுதிவைத்துள்ளார். 1657இல் ஹார்வி மறைந்தார். நான்கு ஆண்டுகள் கழித்து, 1661இல், இத்தாலியரான மல்பீகி நுணுக்குக்காட்டியின்கீழ்த் தவளையின் நுரையீரலை ஆராய்ந்தபோது, நாடியையும் நாளத்தையும் இணைக்கும் மயிர்க்குழாய்களைக் கண்டார்.

கேலனும் காணாத வழியொன்றைச் சொன்னார். ஹார்வியும் காணாத வழியொன்றைச் சொன்னார். முன்னவரின் துளைகள் கொள்கையைக் காப்பதற்காகப் பிறந்தவை. பின்னவரின் வழியோ கணக்கும் சோதனையும் சேர்ந்து வேண்டி நின்றது. மாணவர்கள் பாடநூலில் இதயத்தின் படத்தை வரைந்து பெயர் குறிக்கும்போது, இந்த வேறுபாட்டையும் மனத்திற் குறித்துக்கொள்ளல் நன்று.