பிப்ரவரியில் தெரிந்த வெள்ளம்

மிக்ஜாம் புயல் மழை நம் பகுதியில் கொட்டியது 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில். அம்பத்தூர், கொரட்டூர் தெருக்களில் நின்ற தண்ணீர் சில நாட்களில் வடிந்தது. பள்ளி திறந்தது, தள்ளிவைத்த அரையாண்டுத் தேர்வும் நடந்து முடிந்தது. எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்றே நினைத்தேன். ஒன்பதாம் வகுப்புக்குப் பேரிடர் பாடம் நடத்தும் எனக்கே வெள்ளத்தின் மறுபாதி கண்ணில் பட்டது பிப்ரவரியில்தான், வருகைப் பதிவேட்டில்.

என் வகுப்பு மாணவன் ஒருவன் வாரத்தில் இரண்டு மூன்று நாள் வருவதில்லை. நோட்டும் எழுதி முடிக்கவில்லை. எல்லார் முன்னாலும் கடிந்துகொண்டேன். மறுநாள் அவன் அம்மா வந்தார்.

"சார், அவங்கப்பா வேலை பார்க்கிற பட்டறையில மெஷினெல்லாம் தண்ணியில மூழ்கிடுச்சு. ரெண்டு மாசமா வேலை இல்ல. கம்மலை அடகு வெச்சாச்சு. நான் வீட்டு வேலைக்குப் போறேன். சின்னவனுக்கு ரெண்டரை வயசு, பார்த்துக்க ஆள் இல்ல. அதான் இவனை நிறுத்திக்கிறேன்."

எனக்குப் பதில் வரவில்லை.

அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964இல் தொடங்கியது. அங்கிருப்பவற்றில் பெரும்பாலானவை சிறு தொழிற்கூடங்கள். இயந்திரம் நனைந்தால் மோட்டாரைக் கழற்றிக் காயவைத்து, பழுது பார்த்து, மறுபடி ஓட்டப் பணம் வேண்டும். காப்பீடு உள்ள முதலாளி சீக்கிரம் எழுந்துவிடுவார். இல்லாதவர் கடன் தேடுவார். அதுவரை தினக்கூலிக்காரருக்குச் சம்பளம் இல்லை.

அந்த வீட்டில் அடுத்து நடப்பதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் கையிருப்பும் சீட்டுப் பணமும் கரையும். பிறகு நகை அடகுக்குப் போகும். முட்டையும் பாலும் குறையும். கடைசியில் பிள்ளையின் படிப்பில் கை வைப்பார்கள். வரிசையில் கீழே போகப்போக மீட்பது கடினம். அதே மழையில் மாடி வீட்டுக்காரர் இழந்தது சில நாள் மின்சாரம். இடர் ஒன்றுதான், தாங்கும் சக்திதான் வேறு என்பதைப் பாடநூலைவிட இந்த ஒரு தெரு நன்றாக விளக்கும்.

அரசு ரேஷன் கடைகள் வழியாகக் கொடுத்த 6,000 ரூபாய் அந்த நேரத்தில் பெரிய உதவி. ஆனால் இரண்டு மாதக் கூலிக்கு அது ஈடாகாது.

ஜிம்பாப்வேயில் 1982 முதல் 1984 வரை கடும் வறட்சி. அப்போது சிறு குழந்தைகளாக இருந்தவர்களை ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் கழித்துப் பார்த்தார்கள். பதின்வயதில் அவர்கள் உயரம் குறைந்திருந்தார்கள். படித்து முடித்த வகுப்புகளும் குறைவு. அதைப் படித்தபோது எனக்கு அந்த இரண்டரை வயதுச் சின்னவன்தான் நினைவுக்கு வந்தான்.

2015 டிசம்பர் என்றால் செம்பரம்பாக்கம் ஏரியும் அடையாறும் எல்லாருக்கும் நினைவிருக்கும். 2016 பிப்ரவரியில் என் வகுப்பில் யார் யார் வரவில்லை என்று எனக்கு நினைவில்லை. நான் கவனிக்கவே இல்லை என்பதுதான் உண்மை.

இப்போது மழை விட்ட பிறகு மூன்று மாதம் வரை பதிவேட்டைத் தனியாகப் பார்க்கிறேன். புத்தகம் நனைந்ததா என்பதோடு, "அப்பாவுக்கு வேலை இருக்கா, வீட்டில் யாருக்காவது காய்ச்சலா?" என்றும் கேட்கிறேன். இதை வகுப்பில் கேட்கக் கூடாது. தனியாக, மதிய உணவு நேரத்தில்.

அந்த அம்மாவோடு அங்கன்வாடிப் பணியாளரைப் போய்ப் பார்த்தேன். ஒரு மதியப் பொழுது போதுமானதாக இருந்தது. சின்னவன் அங்கே போகத் தொடங்கியதும் மூத்தவன் தினமும் வந்தான், பத்தாம் வகுப்புக்கும் போனான். கம்மல் மட்டும் அடுத்த தீபாவளி வரை அடகுக் கடையில்தான் இருந்தது.