பந்தும் கோஷ்டியும்

டெஸ்ட் பந்தயத்துக்குக் கோஷ்டி பொறுக்குவது பற்றி நம்மவர் செய்யும் வாதப்பிரதிவாதங்களுக்குக் குறைவில்லை. ஆனால் ஆட்டக்காரரின் யோக்கியதையை ஆராய்கிறவர்கள், அவர் கையில் கொடுக்கப்படும் பந்தின் யோக்கியதையை ஆராய்வது அபூர்வம். 2025ஆம் வருஷம் இந்தியர் இங்கிலாந்தில் ஆடிய ஐந்து டெஸ்டுகள் இவ்விரண்டையும் பிரிக்கலாகாதென்று காட்டின.

லீட்ஸில் நடந்த முதற் பந்தயத்தில், இந்தியாவின் கடைசி ஏழு விக்கெட்டுகள் 41 ரன்னிலும், இரண்டாம் இன்னிங்ஸில் கடைசி ஆறு 31 ரன்னிலும் சரிந்தன. அச்சங்கொண்ட நிர்வாகிகள், பின்வரிசையிலும் பேட் பிடிக்கவல்லவர்களையே நாடலாயினர். தமிழ்நாட்டு வாஷிங்டன் சுந்தர் ஜடேஜாவுடன் சேர்ந்தார். மணிக்கட்டால் பந்தைச் சுழற்றும் குல்தீப் யாதவுக்கு ஐந்திலும் இடமில்லை. மாஞ்செஸ்டரில் ஜடேஜாவும் சுந்தரும் ஆட்டமிழக்காமல் ஆளுக்கொரு சதமடித்துத் தோல்வியைத் தடுத்தது மெய்யே. ஆயினும் எதிரியின் இருபது விக்கெட்டுகளையும் வீழ்த்தாமல் டெஸ்டில் ஜயம் பெறுவது எங்ஙனம்?

இனிப் பந்தின் கதை. இங்கிலாந்தில் வழங்கும் ட்யூக்ஸ் பந்து, கையால் தைத்த எடுப்பான தையலுக்குப் பேர்போனது. 80 ஓவர் உழைக்கவேண்டிய அது, அவ்வருஷம் வெகு சீக்கிரமே மெத்தென்றாகிவிடுவதாகக் காப்டன் கில் குறைகூறினார். லார்ட்ஸில் இரண்டாம் நாட்காலை, புதிதாக எடுத்த பந்தைக் கொண்டு பும்ரா மூவரை வீழ்த்தினார். சுமார் பத்து ஓவருக்கெல்லாம் அது உருக்குலைந்து, அம்பயரின் அளவு வளையத்தில் நுழையாமற் போகவே, மாற்றப்பட்டது. மாற்றாக வந்தது அதற்கு ஈடல்லவென்று கில் அம்பயரிடம் வாதாடியும் பயனில்லை. ஸ்மித்தும் கார்ஸும் எட்டாவது விக்கெட்டுக்கு 84 ரன் சேர்த்தனர். இந்தியா தோற்றதோ 22 ரன்னில்!

அந்த 84 ரன்னையும் பந்தின் தலையில் ஏற்றுவது வெறும் வக்கீல் வாதம். ஸ்மித் ஐந்து ரன் எடுத்திருந்தபோது கொடுத்த காட்சை நம்மவரே நழுவவிட்டார்கள். நாம் கேட்பது வேறு. பந்து சீக்கிரம் மெத்தென்றாகுமென்று கண்டபின், தையலையும் மினுமினுப்பையும் அதிகம் நம்பாத குல்தீப்பை அன்றோ முதலில் நினைத்திருக்க வேண்டும்? எட்டாமவர் எடுக்கக்கூடிய முப்பது ரன்னுக்காக அவரை வெளியே உட்கார்த்தியது வீண் பயமென்பதே நமது அபிப்பிராயம்.

மாற்றுப் பந்து, தேய்மானத்தில் பழைய பந்துக்கு ஒத்திருக்க வேண்டுமென்பது விதி. அவ்விதி வெறும் ஏட்டுச் சுரைக்காயாகாதிருக்க, இத்தனை ஓவர் ஆடியதென்று குறித்த பந்துகளைப் பந்தயத்துக்கு முன்பே இரு காப்டன்களுக்கும் காட்டிவிடலாமே.