முதலில் நேர்கோடு, பிறகு ஸ்பீக்கர்

ஸ்பீக்கரின் முதுகில் 8 ஓம் என்று அச்சிட்டிருக்கும். மல்டிமீட்டரை வைத்தால் 6 ஓம் அளவில்தான் காட்டும். இரண்டுமே சரிதான். மல்டிமீட்டர் அளப்பது வாய்ஸ் காயில் கம்பியின் நேர்மின் தடையை. பாட்டு ஓடும்போது அதில் பாய்வது மாறுமின்சாரம். அதற்கு ஸ்பீக்கர் காட்டும் எதிர்ப்பைத்தான் இம்பிடன்ஸ் என்கிறோம். அது அதிர்வெண்ணுக்கு அதிர்வெண் மாறும். ஒரு வூஃபரின் கூம்புக்கு இயல்பான அதிர்வெண் 40 ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்வோம். அந்த இடத்தில் காயில் காந்தத்துக்குள் துள்ளி ஆடி, தானே எதிர் மின்னழுத்தத்தை உண்டாக்கும். அதனால் இம்பிடன்ஸ் 30, 50 ஓம் வரை எழும். பிறகு 7 ஓம் பக்கம் இறங்கி, மேல் அதிர்வெண்களில் காயிலின் மின்தூண்டலால் மறுபடி மெல்ல ஏறும்.

பெட்டி செய்கிறவருக்கு இந்த வளைகோடுதான் ஜாதகம். ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961-இல் தொடங்கி, ரிச்சர்ட் ஸ்மால் 1970-களின் தொடக்கத்தில் விரிவாக்கிய தீல்-ஸ்மால் அளவுகளில் முக்கியமானவை இதிலிருந்தே கிடைக்கின்றன. அவற்றை வைத்துத்தான் பெட்டியின் கொள்ளளவைக் கணக்கிடுகிறார்கள். இதை வரைய விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. ஒரு கணினி, அதன் சவுண்ட் கார்டு, ஒரு ரெசிஸ்டர், கொஞ்சம் ஒயர் போதும். லிம்ப், ஆர்.ஈ.டபிள்யூ போன்ற மென்பொருள்கள் கணக்கைப் பார்த்துக்கொள்ளும்.

இணைப்பு எளிது. ஹெட்போன் அவுட்டிலிருந்து வரும் சிக்னல் 100 ஓம் ரெசிஸ்டர் வழியாக ஸ்பீக்கருக்குப் போய் கிரவுண்டில் முடிகிறது. ரெசிஸ்டருக்கு முன்னால் உள்ள மின்னழுத்தம் லைன்-இன்னின் இடது சேனலுக்கு. ரெசிஸ்டருக்குப் பின்னால், ஸ்பீக்கர் முனையில் உள்ளது வலது சேனலுக்கு. வலதை இடதால் வகுத்தால் ஒரு விகிதம் வரும். அந்த விகிதத்தை, ஒன்றிலிருந்து அதே விகிதத்தைக் கழித்து வருவதால் வகுத்து, 100-ஆல் பெருக்கினால் இம்பிடன்ஸ். 8 ஓம் இருக்கும் இடத்தில் விகிதம் 8/108, அதாவது 0.074.

எளிய இணைப்புதான், ஆனால் திரையில் வருவது பல நேரம் நம்பும்படி இருக்காது. அப்போது ஸ்பீக்கரைச் சந்தேகித்துப் பயனில்லை. அதைக் கழற்றிவிட்டு, அதே இடத்தில் ஒரு 10 ஓம் ரெசிஸ்டரை மாட்டுங்கள். ரெசிஸ்டருக்கு எல்லா அதிர்வெண்ணும் ஒன்றுதான். 20 ஹெர்ட்ஸிலிருந்து 20,000 ஹெர்ட்ஸ் வரை 10 ஓமில் ஒரே நேர்கோடு வரவேண்டும், கட்டம் (ஃபேஸ்) பூஜ்ஜியத்தில் நிற்கவேண்டும். கோடு எப்படிக் கெட்டிருக்கிறது என்று பார்த்தாலே கோளாறு எங்கே என்று தெரிந்துவிடும்.

10-க்குப் பதிலாக 110 ஓமும், 180 டிகிரி கட்டமும் வந்தால் இடது வலது சேனல்கள் மாறிக் கிடக்கின்றன. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 110-ஐ 10-ஆல் வகுத்தால் 11, ஒன்றிலிருந்து 11 போனால் மைனஸ் 10, விடை மைனஸ் 110. இரண்டு பின்னையும் மாற்றிச் செருகினால் போதும். எண் எல்லையில்லாமல் எகிறினால் 10 ஓம் ரெசிஸ்டரின் இரு முனைகளையும் ஒரு ஒயரால் இணைத்துப் பாருங்கள். அப்போதும் இறங்காவிட்டால், இரண்டு சேனலிலும் ஒரே சிக்னல்தான் பதிவாகிறது என்று பொருள். லேப்டாப்பில் இருப்பது பெரும்பாலும் மைக்குக்கான மோனோ இன்புட். இந்த வேலைக்கு அது ஆகாது. ஸ்டீரியோ லைன்-இன் உள்ள ஒரு யூ.எஸ்.பி சவுண்ட் கார்டு வாங்கிவிடுவதே மேல்.

கோடு நேராக இருந்தும் 10.6-இல் நிற்கிறதா? 100 ஓம் ரெசிஸ்டரில் தங்கப் பட்டை இருந்தால் 5 சதவீதம் முன்னே பின்னே இருக்கலாம்; அளந்து, உண்மையான எண்ணை மென்பொருளில் கொடுங்கள். இரண்டு சேனலையும் ஒரே புள்ளியில் இணைத்து, அளவு சமமாக வருகிறதா என்றும் பாருங்கள். அப்படியும் அரை ஓம் கூடுதலாகவே நின்றால் கிளிப்பும் ஒயரும்தான் காரணம். அளக்கும் ஒயர்களைத் தனியாக எடுத்து ஸ்பீக்கர் முனையிலேயே பற்றவையுங்கள்.

50, 100, 150 ஹெர்ட்ஸில் முள் முள்ளாகக் குத்தினால் அது மின்வாரிய இரைச்சல். சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் அளந்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். கோடு அலையலையாக நெளிந்தால் விண்டோஸின் சவுண்ட் செட்டிங்கைத் திறவுங்கள். எதிரொலி நீக்கம், இரைச்சல் குறைப்பு போன்ற வசதிகள் நம் சோதனை ஒலியையே இரைச்சலாக எடுத்துக்கொண்டு வெட்டும். பதிவாவதை அப்படியே வெளியே ஒலிக்கவிடும் வசதி இருந்தால் அதையும் அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் சிக்னல் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருக்கும்.

சிலர் 100 ஓமுக்குப் பதில் 10 ஓம் போடச் சொல்வார்கள். வலது சேனலில் சிக்னல் பெரிதாகும், இரைச்சல் குறையும் என்பது உண்மை. ஆனால் 50 ஓம் சிகரத்தில் விகிதம் 0.83-ஐத் தொடும், அங்கே 1 சதவீதப் பிழை விடையில் 6 சதவீதமாகப் பெருகும். ஹெட்போன் அவுட்டும் அந்தச் சுமையில் திணறும். என் கருத்தில் 100 ஓம்தான் நல்லது.

நேர்கோடு வந்துவிட்டதா? இனி ஸ்பீக்கரை மாட்டலாம். மின்விசிறியை நிறுத்துங்கள், ஸ்பீக்கர் மைக்காகவும் வேலை செய்யும், அறையின் சத்தம் சிகரத்தின் பக்கம் பிசிறாகத் தெரியும். மேசைமேல் கவிழ்த்து வைத்தால் உள்ளே அடைபட்ட காற்று ஒத்ததிர்வையே நகர்த்திவிடும். இருபுறமும் திறந்திருக்கும்படி அசையாமல் பிடித்து நிறுத்துங்கள். இத்தனைக்கும் பிறகு சில நூறு ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு சின்ன மடிப்பு மிஞ்சினால் அதை அழிக்கப் பார்க்காதீர்கள். அது கூம்பின் விளிம்போ, பெட்டியில் மாட்டி அளந்தால் அதற்குள் நிற்கும் அலையோ தரும் தகவல். இவ்வளவு பாடும் அதைப் பார்ப்பதற்காகத்தான்.

சிக்னல் போதவில்லை என்று ஆம்ப்ளிஃபயரை இடையில் சேர்க்க நினைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கார் ஆம்ப்ளிஃபயர்கள், சின்ன டிஜிட்டல் ஆம்ப்ளிஃபயர் போர்டுகள் பலவற்றில் ஸ்பீக்கரின் இரண்டு முனைகளிலுமே மின்னழுத்தம் இருக்கும். கருப்பு முனை கிரவுண்டு அல்ல. அதைச் சவுண்ட் கார்டின் கிரவுண்டோடு சேர்த்தால் ஆம்ப்ளிஃபயரோ கணினியோ போய்விடும். கருப்பு முனைக்கும் ஆம்ப்ளிஃபயரின் கிரவுண்டுக்கும் தொடர்பு இருக்கிறதா என்று மல்டிமீட்டரில் உறுதி செய்யாமல் ஒயரை இணைக்காதீர்கள்.