செவியும் கருவியும் – 7: தெருவின் இரைச்சலும் ஆயிரம் ரூபாய் டாங்கிளும்

சென்ற வாரம் ஹெட்ஃபோனின் உள்ளமைப்பைப் பார்த்தோம். இந்த வாரம் அதற்கு ஒரு படி முன்னால் நிற்கும் கருவிக்கு வருவோம். போனிலும் மடிக்கணினியிலும் பாட்டு வெறும் எண்களாகத்தான் இருக்கிறது. அந்த எண்களை ஹெட்ஃபோனுக்குப் புரியும் மின்னலையாக மாற்றித் தருவது டி.ஏ.சி. எனப்படும் சில்லு. முன்பு அது போனுக்குள்ளேயே கிடந்தது. யாரும் அதைப் பற்றி யோசித்ததில்லை. 2016-ல் ஐபோன் 7 ஹெட்ஃபோன் துளை இல்லாமல் வந்தது. பல ஆண்ட்ராய்டு போன்களும் அந்த வழியில் போயின. அதன் பிறகு, அந்தச் சில்லை உள்ளே வைத்து, சார்ஜ் போடும் துளையில் செருகுகிற விரல் நீள டாங்கிளுக்குத் தனிச் சந்தையே உருவாகிவிட்டது. ஆயிரம் ரூபாயை ஒட்டியும் கிடைக்கிறது, பத்தாயிரம் கொடுத்தும் வாங்கலாம். விலை ஏற ஏற விமர்சனங்களில் வர்ணனையும் ஏறுகிறது: இதில் குரல் கதகதப்பாக ஒலிக்கிறது, அதில் வீணையின் ஒவ்வொரு தந்தியும் தனித்துத் தெரிகிறது, இன்னொன்றில் மேடை அகலமாக விரிகிறது. இந்த வேறுபாடுகள் கருவியில் இருக்கின்றனவா, வேறெங்காவது இருக்கின்றனவா என்பதே இந்த வாரக் கேள்வி. நல்ல ஆயிரம் ரூபாய் டாங்கிள் ஒன்று தன் வேலையை முழுமையாகவே செய்துவிடுகிறது, மிச்சமிருக்கும் குறை அதற்கு வெளியே இருக்கிறது என்பது என் முடிவு. அதற்கான காரணங்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலில் மலிவு என்பதையே சந்தேகிக்கும் மனநிலையைப் பார்ப்போம். சோனி நிறுவனத்தின் முதல் சி.டி. பிளேயரான சிடிபி-101, 1982 அக்டோபர் 1 அன்று ஜப்பானில் விற்பனைக்கு வந்தபோது அதன் விலை 1,68,000 யென். ஒலியின் ஒரு மாதிரியை 16 பிட் துல்லியத்தோடு மின்னழுத்தமாக மாற்ற வேண்டுமானால், 65,536 படிகளையும் ஒழுங்காக அடுக்கிக் காட்டும் மின்சுற்று வேண்டும். அந்தக் காலத்தில் அது கடினமான, செலவு பிடித்த வேலை. பிலிப்ஸ் பொறியாளர்கள் தங்கள் முதல் பிளேயர்களில் 14 பிட் சில்லைத்தான் வைத்தார்கள். அதை நான்கு மடங்கு வேகத்தில் ஓட்டி, இரைச்சலைச் செவிக்கு எட்டாத அதிர்வெண்களுக்குத் தள்ளிக் குறையை நிரப்பினார்கள். பின்னால் வந்த டெல்டா-சிக்மா முறை இதே உத்தியை இறுதிவரை கொண்டுபோனது. நுணுக்கமாக அளந்து சீவிய மின்தடைகள் வேண்டாம். சில படிகள் போதும், அவற்றை நொடிக்குப் பல லட்சம் முறை மாற்றினால் போதும். வேகமும் கணக்கும் சிலிக்கனுக்கு மிக மலிவாக வருபவை. போன்களுக்காகக் கோடிக்கணக்கில் அச்சாகும் சில்லுகளில் அந்தத் திறமை இன்று சில்லறைக் காசுக்கு அடங்கிவிட்டது. டாங்கிளின் விலை குறைந்ததற்குக் காரணம் அதில் எதையோ வெட்டிவிட்டார்கள் என்பதல்ல. கடினமாக இருந்த கணக்கு தீர்ந்துவிட்டது என்பதுதான்.

அளவீடுகள் இதையே சொல்கின்றன. ஆப்பிள் நிறுவனத்தின் யு.எஸ்.பி.-சி டாங்கிள் அமெரிக்காவில் 9 டாலர். தனிப்பட்ட முறையில் அதை அளந்தவர்களின் கணக்குப்படி, முழு அளவில் இசைக்கும்போது அதன் சொந்த இரைச்சலும் உருச்சிதைவும் சேர்ந்தே இசைக்குச் சுமார் 99 டெசிபெல் கீழே கிடக்கின்றன. 16 பிட் சி.டி.யின் கோட்பாட்டு எல்லையே 98 டெசிபெல்தான். ஆக, ஒரு சி.டி.யில் அடங்கக்கூடிய எல்லாவற்றையும் இந்தச் சின்னத் துண்டு வெளியே கொண்டுவந்துவிடுகிறது. இருபதாயிரம் ரூபாய்க் கருவி இதே அளவீட்டில் 115, 120 என்று காட்டும். காகிதத்தில் அது பெரிய முன்னேற்றம். அந்த முன்னேற்றம் காதுக்கு வந்து சேர்கிறதா என்பதைக் காகிதம் சொல்லாது. கேட்பவர் உட்கார்ந்திருக்கும் இடம்தான் சொல்லும்.

அதனால் கேட்பவரை ஓர் ஊரில் உட்காரவைத்துப் பார்ப்போம். ஹைதராபாத்தில் செகந்திராபாத் கன்டோன்மென்டை ஒட்டிய போவன்பள்ளி அதற்குப் பொருத்தமான இடம். தேசிய நெடுஞ்சாலை 44 அதன் வழியாகத்தான் வடக்கே போகிறது. காய்கறிச் சந்தைக்கு வரும் லாரிகள், பாலாநகர் வழியாக ஹைடெக் சிட்டிக்கு வேலைக்குப் போகிறவர்களின் வண்டிகள், ஓயாத ஹாரன். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபெல், இரவில் 45 டெசிபெல் என்று வரம்பு வைத்திருக்கின்றன. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2011-ல் ஏழு நகரங்களில் தொடர் ஒலிக் கண்காணிப்பைத் தொடங்கியபோது சென்னையோடு ஹைதராபாத்தும் அதில் இருந்தது. அந்த அளவுக்கு இது அறியப்பட்ட சிக்கல். இப்போது கணக்கைப் போடுவோம். விதி சொல்லும் இரவு வரம்பு அப்படியே காக்கப்படுகிறது என்றே வைத்துக்கொள்வோம்: அறையில் 45 டெசிபெல். ஹெட்ஃபோனில் பாட்டின் உச்சம் 100 டெசிபெல் என்று தாராளமாக வைப்போம். மலிவு டாங்கிளின் குறைகள் அதற்கு 99 டெசிபெல் கீழே, அதாவது ஏறக்குறைய 1 டெசிபெலில் கிடக்கும். மனிதச் செவியின் கேட்புத் தொடக்கத்தையே பூஜ்யமாகக் கொண்ட அளவுகோல் இது. காதை நன்றாக அடைக்கும் இயர்போன் வெளிச்சத்தத்தில் 20, 25 டெசிபெலைக் குறைத்தாலும், மிஞ்சும் 20 டெசிபெல் தெருச்சத்தத்துக்கு அடியில் அந்தக் குறை புதைந்தேதான் இருக்கும். 1 டெசிபெலை மைனஸ் 15 ஆக்குவதற்குக் கூடுதலாக இருபதாயிரம் ரூபாய் கொடுப்பவருக்கு, அவர் கேட்கவே முடியாத ஓர் இடத்தில்தான் முன்னேற்றம் கிடைக்கிறது.

இசைப்பதிவின் பக்கத்திலிருந்து பார்த்தாலும் இதே விடைதான். நாம் விரும்பிக் கேட்கும் பழைய பாட்டுகள் காந்த நாடாவில் பதிந்தவை. இரைச்சல் குறைப்பு ஏற்பாடு இல்லாத நாடாவில் இசைக்கும் நாடாவின் சொந்தச் சீற்றத்துக்கும் இடைவெளி ஏறத்தாழ 60 முதல் 70 டெசிபெல். 1963-ல் இசைத்தட்டாக வந்த எம்.எஸ். சுப்புலட்சுமியின் வேங்கடேச சுப்ரபாதத்தை இன்று போனில் கேட்கிறோம். குரலுக்குப் பின்னால் மெல்லிய சீற்றம் இருந்தால் அது பதிவில் இருப்பது. டாங்கிளின் இரைச்சல் அதற்கு முப்பது டெசிபெலாவது கீழே இருக்கிறது. எழுபதுகளின், எண்பதுகளின் திரைப்பாட்டுகளுக்கும் இதுவே பொருந்தும். இன்றைய பதிவுகள் அமைதியானவை, ஆனால் அவற்றில் பெரும்பாலானவற்றை உச்ச சத்தத்தில் அழுத்தி வெளியிடுகிறார்கள். மென்மைக்கும் உரப்புக்கும் இடையே சில டெசிபெல் இடைவெளி மட்டுமே உள்ள பாட்டுகள் உண்டு. 120 டெசிபெல் அகலம் கொண்ட கருவிக்குள் இவை எந்தப் புது அகலத்தையும் பெறுவதில்லை.

இங்கே வாசகர்கள் எழுப்பும் முதல் மறுப்பு நியாயமானது: “வேறுபாடு எனக்குத் தெளிவாகவே கேட்கிறது.” கேட்கலாம். அந்த வேறுபாட்டை நான் மறுக்கவில்லை. அது எங்கிருந்து வருகிறது என்பதுதான் கேள்வி. முதல் மூலம் சத்த அளவு. ஒரு டாங்கிள் 1 வோல்ட் தருகிறது, இன்னொன்று 2 வோல்ட் தருகிறது என்றால், போனில் ஒரே அளவு வைத்தாலும் இரண்டாவது 6 டெசிபெல் கூடுதலாக ஒலிக்கும். 4.4 மில்லிமீட்டர் பேலன்ஸ்டு துளையில் 4 வோல்ட் தரும் கருவிகளும் உண்டு. அப்போது 12 டெசிபெல். சிறு கூடுதலைச் செவி “சத்தம் அதிகம்” என்று உணர்வதில்லை, “தெளிவு அதிகம், ஆழம் அதிகம்” என்றே உணர்கிறது. இரண்டாவது மூலம் வெளியீட்டு மின்மறுப்பு. பல டிரைவர்கள் கொண்ட இயர்போன் ஒன்றின் மின்மறுப்பு ஓர் அதிர்வெண்ணில் 10 ஓமும் வேறோர் அதிர்வெண்ணில் 40 ஓமும் இருக்கலாம். அதை 10 ஓம் வெளியீடு கொண்ட கருவியில் செருகினால் அந்த இரண்டு இடங்களுக்கும் இடையே 4 டெசிபெல் சாய்வு புதிதாகத் தோன்றும். 1 ஓம் வெளியீடு கொண்ட கருவியில் அது சுமார் 0.6 டெசிபெல்தான். இந்த மாற்றம் உண்மை, எவர் காதுக்கும் கேட்கும். ஆனால் இது சில்லின் குணமல்ல, விலையின் குணமும் அல்ல. நல்ல மலிவு டாங்கிள்கள் பலவற்றின் வெளியீடு 1 ஓமை ஒட்டியே இருக்கிறது.

மூன்றாவது மூலம் எதிர்பார்ப்பு. இதைச் சொன்னால் பலருக்குக் கோபம் வருகிறது, தங்கள் காதைக் குறை சொல்வதாக நினைக்கிறார்கள். எதிர்பார்ப்பு காதின் கோளாறல்ல. கேட்பது என்ற செயலின் பகுதியே அது. எந்தக் கருவி ஓடுகிறது என்று மூளைக்குத் தெரிந்திருக்கும்வரை அந்தத் தகவலை அது பயன்படுத்தாமல் இருக்காது. அதனால்தான் பெயரை மறைத்து, சத்தத்தைச் சமமாக்கி நடத்தும் சோதனை வேண்டியிருக்கிறது. மேயர், மோரன் என்ற இரு ஆய்வாளர்கள் 2007-ல் ஒலிப் பொறியியல் சங்கத்தின் ஆய்விதழில் வெளியிட்ட சோதனையில், உயர்தெளிவுப் பதிவுகளை நேராகவும், 16 பிட் சி.டி. தரத்துக்குச் சுருக்கியும் மாற்றி மாற்றிக் கேட்கவைத்தார்கள். 554 முறை கேட்டதில் சரியாகச் சொன்னது 276 முறை. நாணயம் சுண்டிப் பார்த்திருந்தாலும் இதே விடைதான் வந்திருக்கும். வழக்கத்துக்கு மிஞ்சி சத்தத்தைக் கூட்டியபோதுதான் சி.டி. தரத்தின் இரைச்சல் அவர்களுக்குப் புலப்பட்டது.

இரண்டாவது மறுப்பு இன்னும் வலுவானது. லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்தின் ஜோஷுவா ரீஸ் 2016-ல் இத்தகைய 18 சோதனைகளை ஒன்றாகத் தொகுத்தார்: 400-க்கும் மேற்பட்டவர்கள், 12,500-க்கும் மேற்பட்ட முயற்சிகள். சரியான விடை 52.3 விழுக்காடு. தற்செயலால் மட்டும் இது வந்துவிடாது. பயிற்சி பெற்றவர்களிடம் இந்த விழுக்காடு கணிசமாகக் கூடியது. எனவே “வேறுபாடே இல்லை” என்று சொல்வது ஆதாரத்தை மீறிய பேச்சு, அதை நான் சொல்லவில்லை. ஆனால் இந்த எண்ணைச் சரியாகப் படிக்க வேண்டும். அமைதியான கூடத்தில், காதைக் குவித்துக் கேட்டவர்கள் நூற்றுக்கு ஐம்பதுக்குப் பதில் ஐம்பத்திரண்டு முறை சரியாகச் சொன்னார்கள். விமர்சனங்கள் வர்ணிப்பதோ இரவுக்கும் பகலுக்கும் உள்ள வேறுபாட்டை. அந்த வர்ணனைக்கும் இந்த எண்ணுக்கும் நடுவே பெரிய பள்ளம் இருக்கிறது. மேலும் ரீஸ் தொகுத்தது பதிவின் தரம் பற்றிய சோதனைகள்; ஒரே பதிவை இரண்டு நல்ல டாங்கிள்களில் கேட்பதில் வேறுபாடு அதைவிடக் குறையவே வாய்ப்பு.

எல்லா இடத்திலும் ஆயிரம் ரூபாய் போதும் என்றும் சொல்லிவிட முடியாது. சென்ஹைசர் எச்டி 600 போன்ற 300 ஓம் ஹெட்ஃபோனுக்கு 1 வோல்ட் பல சமயம் போதாது. மென்மையாகப் பதிந்த கர்நாடக இசைக் கச்சேரியில் சத்தம் தேவைக்குக் கீழே நின்றுவிடும். அங்கே கூடுதல் வோல்ட் உள்ள கருவிக்குக் கூடுதல் பணம் கொடுப்பது சரிதான். ஆப்பிள் டாங்கிள் சில ஆண்ட்ராய்டு போன்களில் பாதிச் சத்தத்தோடு நின்றுவிடுவதும் உண்மை; வாங்கும் முன் தன் போனில் செருகிப் பார்ப்பது நல்லது. மடிக்கணினியின் ஹெட்ஃபோன் துளையில் மின்சுற்றின் இரைச்சல் கேட்டால் மலிவு டாங்கிளே பெரும்பாலும் அதை நீக்கிவிடும். மாறாக, மிக நுண்ணுணர்வுள்ள இயர்போனில் வலிமை மிகுந்த விலையுயர்ந்த கருவிதான் சில சமயம் சீற்றம் தரும். இவை அத்தனையும் வோல்ட், ஓம், பொருத்தம் பற்றியவை. எந்தச் சில்லின் பெயர் பெட்டியில் அச்சிட்டிருக்கிறது என்பது பற்றியவை அல்ல. புளூடூத்தில் கேட்பவருக்கோ இந்தக் கேள்வியே எழாது. மாற்றும் சில்லு அவர் காதில் செருகிய கருவிக்குள் இருக்கிறது.

என் பேச்சை நம்ப வேண்டியதில்லை, வீட்டிலேயே சோதிக்கலாம். ஹைதராபாத்தின் கோட்டி குஜராத்தி கல்லியிலோ உங்கள் ஊர் எலெக்ட்ரானிக்ஸ் கடையிலோ ஒரு மல்டிமீட்டர் வாங்குங்கள். 100 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு, ஹெட்ஃபோனைச் செருகியபடியே இரண்டு கருவிகளின் ஏ.சி. வோல்ட்டையும் அளந்து, வித்தியாசம் ஒரு விழுக்காட்டுக்குள் வரும்வரை சத்தத்தைச் சரிசெய்யுங்கள். பிறகு வேறொருவர் மறைவாக மாற்றித் தரட்டும். பதினாறு முறையில் பன்னிரண்டு முறையாவது சரியாகச் சொன்னால் உங்கள் காதுக்கு வேறுபாடு கேட்கிறது என்று நம்பலாம். அப்போது தாராளமாகச் செலவிடுங்கள்.

அதற்குக் கீழே வந்தால் அந்தப் பணத்துக்கு வேறு நல்ல வழிகள் உண்டு. நல்ல டி.ஏ.சி.க்களுக்கு இடையே அதிர்வெண் வேறுபாடு ஒரு டெசிபெலில் பத்தில் ஒரு பங்கு இருந்தால் அதிகம். ஹெட்ஃபோன்களுக்கு இடையே ஐந்து, பத்து டெசிபெல் சாதாரணம். அங்கும் விலை வழிகாட்டாது: ஆய்வாளர் ஜெரோன் ப்ரேபார்ட் 2017-ல் 283 ஹெட்ஃபோன்களை ஒப்பிட்டு, விலைக்கும் அதிர்வெண் நடத்தைக்கும் தொடர்பில்லை என்று காட்டினார். எனவே காதுக்குப் பொருந்துவதைக் கேட்டே தேர்ந்தெடுக்க வேண்டும். காதில் இறுக்கமாக அமரும் ரப்பர் முனைகளுக்குச் சில நூறு ரூபாய்தான். அவை பாஸைக் காக்கும், தெருவை வெளியே நிறுத்தும். போவன்பள்ளி போன்ற இடத்தில் இது ரசனைப் பிரச்சினை மட்டுமல்ல. பேருந்தின் இரைச்சலை வெல்ல நாம் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகிறோம். உலக சுகாதார அமைப்பின் கணக்கில் 80 டெசிபெலில் வாரத்துக்கு 40 மணி நேரம் பாதுகாப்பானது. 90 டெசிபெலில் 4 மணி நேரம்தான். வெளிச்சத்தத்தைப் பத்து டெசிபெல் தடுத்து, அதே அளவு பாட்டையும் குறைத்துவிட்டால், செவிக்குப் பத்து மடங்கு நேரம் கூடுகிறது. எந்தச் சில்லும் இதைத் தராது. இசையை ஆயுள் முழுக்க நுணுக்கமாகக் கேட்க விரும்புகிறவர் முதலில் பணம் போட வேண்டிய இடம் இதுவே.

அடுத்த வாரம்: வெளிச்சத்தத்தை அதற்கு எதிரான ஒலியலையால் அழிக்கும் ஹெட்ஃபோன்கள் எப்படி வேலை செய்கின்றன, எந்தச் சத்தத்திடம் அவை தோற்கின்றன என்று பார்ப்போம்.

(தொடரும்)